முழங்கால் நீரில் ஒரு சிறு பாய்



சாணார்பட்டியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலையைத் தெற்கே கண்டுகொண்டு, மானாவாரி நிலங்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் புளிய மரங்களுக்கும் நடுவே அமைந்த ஊர் நம்முடையது. கிழக்கே கடலைக் காண வேண்டுமாயின் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். நமக்குப் பழக்கமான நீர்நிலைகள் குளமும் கிணறுமே. மழை பொய்த்தால் அவையும் வறண்டுவிடும். எனினும் கோடை விடுமுறை வந்ததும் நம் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கும் மணப்பாட்டுக்கும் ஓரியூருக்கும் பேருந்து ஏறுகின்றன. திருத்தலத்தில் வேண்டுதல் முடிந்ததும் கடற்கரைக்குச் செல்கின்றன. அங்கே படகைக் கண்டவுடன் குழந்தைகள் ஏறியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கின்றன. எனவே, கடலோரத்தில் வாழ்வோரைவிட நம்மைப்போன்ற மேட்டு நிலத்தாருக்கே இதனைப் பற்றிய அறிவு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கல்லூரியில் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். “வெளிநாடுகளில் நடுத்தரக் குடும்பத்தார்கூட ஒரு சிறு பாய்ப்படகை வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் சென்று, கடல் நிலத்துக்குள் புகுந்திருக்கும் அழகிய கழிகளில் இரண்டு மூன்று நாள்கள் சுற்றி வருகிறார்களாமே! நம் நாட்டில் அது இயலாதா, சாமி?” என்பதே அவ்வினா. நல்ல வினாதான். அதற்கு விடை கூறப் புகுந்தால், படகு எப்படி ஓடுகிறது, நம் கரையில் எங்கே ஓடலாம், எங்கே ஓடலாகாது என்பனவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் குறிப்பிட்ட படகுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். 1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அயன் புராக்டர் என்பவர் ‘வேஃபேரர்’ என்னும் சிறு பாய்ப்படகை வடிவமைத்தார். ‘வழிநடப்பவர்’ என்பது அச்சொல்லின் பொருள். அதன் நீளம் ஐந்து மீட்டருக்கும் குறைவு. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. எடையோ ஏறத்தாழ 170 கிலோகிராம். உழவு மாடு ஒன்றன் எடைகூட இல்லை. ஒரு சிறு காரின் பின்னே இரு சக்கர இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லலாம். பாய்மரத்தைக் கழற்றிப் படகின்மீதே படுக்க வைத்துவிடலாம். கரைக்குச் சென்றதும் சரிவான துறையில் வண்டியைப் பின்னோக்கி நகர்த்தினால், படகு தானே வழுகித் தண்ணீரில் இறங்கிவிடும்.

இத்தகைய படகின் சிறப்பு அதன் அடிப்பலகையில் இருக்கிறது. படகின் நடுவே ஒரு பலகை. அதனை நீருக்குள் இறக்கலாம், மேலே ஏற்றலாம். இறக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதியான ஆழம் வேண்டும். ஏற்றிவிட்டால் ஒரு சாண் நீரே போதும். பெரிய கப்பலோ இயந்திரப் படகோ நுழைய இயலாத சேற்றுக் கழியிலும் மணல் திட்டு ஓரத்திலும் இது நுழைந்துவிடும்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் மட்டுமே பாய்ப்படகு செல்லும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. காற்று பக்கவாட்டில் வரும்போது பாய் பறவையின் இறக்கைபோல் வளைந்து நின்று படகை இழுக்கிறது. அவ்வாறு இழுக்கும்போது படகு பக்கவாட்டிலும் சறுகப் பார்க்கும். நீருக்குள் இறங்கிய அடிப்பலகை அதனைத் தடுக்கிறது. எஞ்சிய விசை முன்னோக்கிச் செலுத்துகிறது. நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் செல்லாது. ஆனால் எதிர்க்காற்றுக்குச் சாய்வாக ஒரு முறை வலப்புறமும் மறுமுறை இடப்புறமுமாக மாறி மாறி ஓடினால், காற்று வரும் திசையிலேயே ஊர் போய்ச் சேரலாம். மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறுவதைச் சிறுமலைச் சாலையில் நீங்கள் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அதுபோலவே இதுவும்.

இவ்வளவு சிறிய படகில் மக்கள் செய்த துணிவான செயல்களும் உண்டு. ஃபிராங்க் டை என்னும் ஆங்கிலேயர் 1963இல் இந்த வேஃபேரர் படகிலேயே ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், 1964இல் நார்வேக்கும் சென்றார். நார்வே செல்லும் வழியில் கடும்புயலில் பாய்மரம் முறிந்தும் உயிர் தப்பினார். ஆயினும் அதனைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யலாம் என்று எவரும் எண்ண வேண்டா. அப்படகு குடும்பங்களுக்காக, கரையோரக் கழிகளுக்காகச் செய்யப்பட்டதே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாய்க்கலை நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், காற்றைத் தம் வயப்படுத்திக் கலம் செலுத்தியவரின் வழிவந்தவன் என்று கரிகாலனைப் பாடுகிறார். நம் கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துத் தம் மொழியில் வைத்துக்கொண்டனர். பாக்கு விரிகுடாக் கரையில் வத்தை என்னும் பாய்ப்படகு இன்றும் உண்டு. பாக்கு விரிகுடா ஆழம் குறைந்த கடல்; பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. அதற்கேற்ற படகை அக்கரை மக்கள் தாமே உருவாக்கிக்கொண்டனர். படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைக் கட்டி, காற்று படகை ஒருபுறம் சாய்க்கும்போது மறுபுறம் நீட்டிய பலகையின்மீது ஆள்கள் ஏறி நின்று நிமிர்த்துவர். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம் நாட்டுப் படகுகளை ஆராய்ந்து 1920இல் வெளியிட்ட நூலில் நம் கரையோரக் கலங்களை விரிவாக எழுதி வைத்தார்.

ஓரியூரில் அருளானந்தர் மறைச்சாட்சியாக உயிர்நீத்த திருத்தலத்துக்கு நம் பங்கு மக்களுடன் ஒருமுறை சென்றபோது, அங்கிருந்து தொண்டிக் கடற்கரைக்கும் சென்றோம். கரையில் ஒரு வத்தை நின்றிருந்தது. எங்கள் கூட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர். எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்பது எல்லாருடைய விருப்பம். வயது முதிர்ந்த படகோட்டி ஒருவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “நாலு பேரை ஏத்துவேன். நீச்சல் தெரிஞ்சவங்களா இருக்கணும். மத்தவங்க கரையில நில்லுங்க” என்றார். நம்மவர் ஒருவர் கூடுதலாகப் பணம் தருவதாகச் சொன்னார். “பணத்தைக் கூட்டினா படகு பெரிசாயிடுமா, ஐயா?” என்று அவர் கேட்டார். அதற்கு நம்மவரிடம் விடையில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “பாயை ஏத்துறதை சின்னப் பையனும் செய்வான் சாமி. எப்ப இறக்கணும்னு தெரிஞ்சவன்தான் படகோட்டி” என்றார். அன்று நான்கு இளைஞர்கள் மட்டுமே சென்று வந்தனர். மற்றவர்க்கு வருத்தந்தான். ஆனால் முப்பது பேரும் வீடு திரும்பினோம்.

தொண்டி வட்டாரத்து ஊர்களில் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுவதுண்டு. எனினும் பாய் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. 1953இல் கேரளத்து நீண்டகரையை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்துக்குப் பின் இயந்திரப் படகுகள் நம் நாட்டில் பெருகின. 1980களில் சிறு படகுகளிலும் இயந்திரம் பொருத்தப்படலாயிற்று. மீனவரின் உழைப்பைக் குறைத்த நன்மையை நாம் மறுக்கலாகாது. ஆயினும் காற்றைப் படிக்கும் கண் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் போவது ஓர் இழப்பே.

நம் ஊரிலிருந்து சென்று காணத்தக்க அழகிய கழி ஒன்றைக் கூற வேண்டுமாயின் முத்துப்பேட்டையைக் கூறுவேன். திருவாரூர் மாவட்டத்தில், காவிரிப் படுகையின் தென்கோடியில் அமைந்தது அது. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கிளைகள் கடலோடு கலக்குமிடத்தில் நீர் பரந்து விரிந்து காயலாக நிற்கிறது. அதன் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டரளவே. கரை நெடுகிலும் அலையாத்திக் காடு. வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிகளை நட்டாற்போல் மேல்நோக்கி நிற்கும். சேற்றில் காற்று புகாமையால் அம்மரங்கள் அந்த வேர்களின் வழியே மூச்சு விடுகின்றன. ஜாம்பவானோடைத் துறையிலிருந்து படகில் புறப்பட்டால் ஆற்றின் இருபுறமும் பசுமைச் சுவர் எழுந்து நிற்க, சிறிது நேரத்தில் வானமும் நீரும் ஒன்றாகிவிட்ட பெருவெளி கண்முன்னே விரிகிறது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன.

அக்காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் காட்டைக் கூறுபோட்டு மரங்களை அடியோடு வெட்டினர். வெட்டிய இடத்தில் சேறு காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. அதில் தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பு மிகுந்து, புதுக்கன்று எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து வெளியே செல்ல வழி செய்தனர். காடு மீண்டும் துளிர்த்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அக்கரையைத் தாக்கி மரங்களைப் பெரிதும் சேதப்படுத்தியது. அங்கே செல்வோர் வனத்துறையின் இசைவு பெற்றே செல்ல வேண்டும். அவ்விடத்தை நம் வீட்டுப் பூசை மாடம்போல் தூய்மையாக விட்டு வர வேண்டும்.

இத்தகைய காயலில் பாய்ப்படகு செலுத்துவோர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, ஓதம். பாக்கு விரிகுடாவில் நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் முழங்கால் ஆழ நீரில் அரை மீட்டர் இறங்கினாலும் படகு சேற்றில் அமர்ந்துவிடும். மறுபடி நீர் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, நாளின் காற்று. நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிர்வது. கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. எனவே பகலில் நிலத்தின்மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசுகிறது. இரவில் இதற்கு மாறாகக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நம் மீனவர்கள் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகல் கடற்காற்றில் திரும்பியது இதனை அறிந்தே. மூன்றாவது, ஆண்டின் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் வேகம். பாய் பழகுவோர்க்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தை முதல் பங்குனி வரையிலான காலமே ஏற்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று பற்றிய முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அதனைக் காணலாம்.

நற்செய்தியில் நாம் வாசிக்கும் கலிலேயக் கடலும் உண்மையில் ஓர் ஏரியே. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர்; அகலம் 13 கிலோமீட்டர். 1986இல் மழையின்மையால் அவ்வேரியின் நீர் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான ஒரு மீன்பிடி படகு வெளிப்பட்டது. எட்டு மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம், தட்டையான அடி. கரையோர ஆழமற்ற நீரிலும் செல்லவல்லது. சுற்றிலும் மலைகள் இருப்பதால் அவ்வேரியில் காற்று திடீரென இறங்கி வீசும். அந்நீரிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களான திருத்தூதர்கள் அஞ்சிக் கூவினார்கள் என்றால், அது கோழைகளின் கூச்சல் அன்று. காற்றை அறிந்தவர்களின் அச்சம்.

இனிக் கூறப்போவது வருத்தமான செய்தி. ஆனாலும் கூறாமல் விட இயலவில்லை.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அது. நீர் மிகுந்த காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை பரவும். பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உள்ளது. சராசரி ஆழம் ஒரு மீட்டரே. கடலுக்கும் காயலுக்கும் இடையே சிறீஅரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அவர்தம் கல்லறைகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. போர்த்துக்கீசியர் காலத்துப் பழமை வாய்ந்த மகிமை மாதா திருத்தலமும் அவ்வூரில் உண்டு. அங்குள்ள மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை விரிப்பது என்பதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்தைக் காத்து வந்திருக்கின்றனர். பூநாரைகள் கூட்டம் கூட்டமாய் இறங்கும் அக்காயலைப் பார்க்கத் தமிழகமெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாள். விடுமுறையைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்கள் அங்கே ஒரு மீன்பிடி படகில் ஏறிச் சென்றனர். படகு தாங்கும் அளவுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தனர். உயிர்காப்பு உடுப்பு இல்லை. படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அன்று காலையில் புத்தாடை உடுத்திப் புறப்பட்டவர்கள் அவர்கள். அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

அதற்கு முன் 2009 செப்டம்பர் 30இல் நமக்கு அண்மையிலுள்ள தேக்கடி ஏரியில் அடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7இல் கேரளத்துத் தானூரில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மூன்றும் ஆழ்கடலில் நிகழ்ந்தவையல்ல. ஏரியிலும் காயலிலும் கழிமுகத்திலும் நிகழ்ந்தவை. “கரைதான் தெரிகிறதே, என்ன ஆகிவிடும்?” என்று நாம் கூறும் இடங்களே இவை.

படகு ஏன் கவிழ்கிறது? எடை கீழே தாழ்ந்து இருக்குமளவும் படகு தானே நிமிரும். ஆள்கள் எழுந்து நிற்கும்போதும் மேல்தட்டில் கூடும்போதும் எடை மேலே ஏறுகிறது. ஆள் கூடக்கூடப் படகின் விளிம்பு நீருக்கு அருகே தாழ்கிறது. ஒரு மானையோ பறவையையோ காட்டி ஒருவர் கூவ, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்த விளிம்பு நீருக்குள் இறங்கி நீர் உள்ளே பாய்கிறது. உள்ளே புகுந்த நீர் சாய்ந்த பக்கமே ஓடுவதால் சாய்வு மேலும் மிகுகிறது. பிறகு கண்மூடித் திறக்கும் நேரமே. மேலும், காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் எங்கும் ஆபத்தானது. வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் எதிர்ப்பட்டு மோதுவதால், குட்டையும் செங்குத்துமான அலைகள் அங்கே எழுகின்றன. பழகிய படகோட்டியும் அவ்விடத்தைத் தக்க வேளை பார்த்தே கடப்பான்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். பருவம் தவறிவிட்டது, இப்பயணம் ஆபத்தில் முடியும் என்று பவுலடியார் எச்சரித்தார். மாலுமியும் கப்பல் உடையவரும் வேறு கூறினர். பெரும்பாலோர் புறப்படவே விரும்பினர். இனிய தென்றல் வீசியது. எல்லாம் நலமே என்று எண்ணினர். பின்னர் வந்த புயல் பதினான்கு நாள் அவர்களை அலைக்கழித்துக் கப்பலையும் உடைத்தது. 276 பேரும் உயிர் பிழைத்தது இறைவனின் இரக்கம். பெரும்பாலோர் ‘போகலாம்’ என்னும்போது ‘வேண்டா’ என்று கூறும் ஒருவரை நாம் விழாவைக் கெடுப்பவர் என்கிறோம். நம் குடும்பச் சுற்றுலாவில் அந்த ஒருவர் தந்தையாகவோ தாயாகவோ இருந்தாக வேண்டும்.

மணப்பாட்டுத் திருச்சிலுவையை நீங்கள் அறிவீர்கள். 1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து, கரை சேர்ந்த இடத்தில் நடுவதாக நேர்ந்துகொண்டார் என்பது அவ்வூர் மரபு. நேர்ச்சை நல்லதே. ஆயினும் அக்கப்பல் தலைவர் முதலில் தம் கலத்தைக் காக்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தவர் என்பதை மறவாதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் நேர்ந்துகொள்வது பக்தியன்று.

ஆகவே, படகில் காலை வைக்குமுன் நம் குடும்பத்தார் கேட்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைத்திருக்கிறதா? அந்த எண்ணிக்கையில் குழந்தையையும் சேர்த்து எண்ணுங்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கும் எடை உண்டு. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடுப்பு உண்டா? அது காலடியில் குவிந்து கிடந்தால் பயனில்லை. உடலில் கட்டியிருக்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தையின் அளவில் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பையும் வேட்டியையும் இறுகச் செருகிக்கொண்டீர்களா? கனத்த காலணியைக் கழற்றினீர்களா? எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் கூறினீர்களா? படகோட்டி குடித்திருக்கிறாரா? இவற்றுள் ஒன்றுக்கு விடை சரியில்லையென்றாலும் இறங்கிவிடுங்கள். கொடுத்த கட்டணம் போனால் போகட்டும். கவிழ்ந்துவிட்டால், படகு மிதந்துகொண்டிருக்குமளவும் அதனைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரை அருகில் இருப்பதுபோல் தோன்றினாலும் அதனை நம்பி விட்டுப் பிரியாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய மற்றொரு கவலையும் எனக்குண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்துச் சிறுவர்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் கற்றார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைப் பிணைத்து, மாமனோ சித்தப்பனோ மேலிருந்து பிடித்துக்கொள்ள, ஒரு கோடையில் நீந்தக் கற்றுவிடுவார்கள். இன்று ஆழ்துளைக் கிணறுகள் வந்தன; திறந்த கிணறுகள் வறண்டன, சில குப்பைக் குழிகளாயின. நம் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தவர் மிகச் சிலரே. பெண் பிள்ளைகளுள் அவ்வளவும் இல்லை. அவர்களைத்தாம் ஆண்டுதோறும் கடலுக்கும் காயலுக்கும் அழைத்துச் செல்கிறோம். ஆகவே நம் பங்கு இளைஞர் இயக்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். இனி எந்தச் சுற்றுலாவுக்குத் திட்டமிடுமுன்னும், நீச்சல் தெரிந்த பெரியவர்களைக் கொண்டு, நீருள்ள கிணறு ஒன்றிலோ திண்டுக்கல்லில் கிடைக்கும் நீச்சல் குளத்திலோ, பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள். ஆண் பெண் என்ற வேறுபாடு வேண்டா. நீருக்கு அது தெரியாது.

கடலில்லா ஊரில் பிறந்தவர்க்குப் பாய் எதற்கு என்பார்க்கும் விடை உண்டு. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பாய்ப்படகுப் போட்டியில் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிசு ஒலிம்பிக்கிலும் நம் நாட்டுக்காகக் கலந்துகொண்டார். 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். வேலூரில் கடலில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், கோடை முகாம் ஒன்றில் பாய் பிடிக்கப் பழகி, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். ஐதராபாத்தில், நகரின் நடுவேயுள்ள உசேன் சாகர் ஏரியில், 2009இல் தொடங்கிய படகுச் சங்கம் ஒன்று ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகுப் பயிற்சி அளித்து வருகிறது. சென்னையிலோ 1911 முதற்கொண்டே பாய்ப்படகுச் சங்கம் உண்டு.

எனவே அந்த இளைஞருக்கு நான் கூறும் விடை இது: இயலும், தம்பி. வண்டியில் இழுத்துச் செல்லும் படகு நம் ஊர்க் குடும்பங்களுக்கு இன்று எட்டாத செலவே. அதற்கேற்ற துறைகளும் நம் கரையில் அரிதே. ஆனால் படகு வாங்குவது கடைசி வேலை. முதலில் நீந்தக் கற்றுக்கொள். பிறகு முறையான பயிற்சி மையத்தில் ஒரு கோடையைச் செலவிட்டுக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள். பிறகு, தொண்டிக் கரையிலோ வேறெங்கோ ஒரு மூத்த மீனவரிடம் பணிவாகச் சென்று, ‘ஐயா, இந்த நீரைப் பற்றிக் கூறுங்கள்’ என்று கேள். எத்தனையோ ஆண்டு கரையில் சேர்த்த அறிவை அவர் உனக்கு மகிழ்ந்து தருவார்; இதுவரை அவரை அவ்வாறு கேட்டவர் சிலரே. இவற்றையெல்லாம் செய்தபின் ஒரு தை மாதக் காலையில், இசைவு பெற்ற இடத்தில், இரண்டு படகுகளாக, உடுப்பு அணிந்து, முழங்கால் ஆழ நீரில் உன் பாயை விரி.

அவ்வாறு விரியும் பாயில் இரைச்சல் இராது, புகை இராது. அணியத்தில் நீர் சலசலப்பதும் நாரை எழும்பும் ஒலியுமே கேட்கும். அந்த அமைதி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்றே நானும் விரும்புகிறேன். போனவர் அனைவரும் பொழுது சாயுமுன் வீட்டுக்குத் திரும்பி வரட்டும் என்று அதனினும் மிகுதியாக விரும்புகிறேன்.

வரும் விடுமுறையில் பயணம் புறப்படும் குடும்பங்கள் மேலே எழுதிய வினாக்களை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர் படியாதவர்க்கு வாசித்துக் காட்டுங்கள். இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.